டென்னிஸ் சொல்லிக் கொடுத்தால் தொழில்முறை வீராங்கனை ஆகிவிடுவாளா?

கோவைக்காரி:
என் தங்கை எங்கள் குடியிருப்பில் சாயங்காலம் சின்னப் பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லித் தருகிறாள். மாதக் கட்டணம் வாங்குகிறாள், பெரிய தொகை எல்லாம் இல்லை, பந்து செலவும் கோர்ட் வாடகையும் போகக் கையில் கொஞ்சம் நிற்கும், அவ்வளவுதான். கல்லூரி அணிக்கு ஆடியதோடு சரி, பரிசுப் பணம் என்று ஒரு ரூபாய்கூட வாங்கியதில்லை. இப்போது பக்கத்து கிளப் ஒன்றில் 35 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஒரு போட்டி வைக்கிறார்கள். விண்ணப்பத்தில் "தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு அனுமதி இல்லை" என்று ஒரு வரி இருக்கிறது. இவள் பெயர் கொடுத்ததும், போட்டியில் இருக்கும் வேறொரு அம்மா, "கோச்சிங் எடுக்கிறவர் புரொஃபஷனல்தானே, அவரை எப்படிச் சேர்க்கலாம்" என்று வாட்ஸப் குழுவில் கேட்டுவிட்டார். நடத்துபவர்களும் முழிக்கிறார்கள். காசு வாங்கிக் கற்றுக்கொடுத்தாலே தொழில்முறை வீரர் ஆகிவிடுவோமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பேஸ்லைன் பாலு:
அக்கா, டென்னிஸில் இன்றைக்கு அப்படி ஒரு தடையே கிடையாது. சர்வதேச டென்னிஸ் சம்மேளனம் நடத்தும் மாஸ்டர்ஸ் போட்டிகளில் 30 வயதிலிருந்து பிரிவுகள் உண்டு, அவற்றில் கோச்சுகளும் ஆடுகிறார்கள், ஒரு காலத்தில் டூரில், அதாவது தொழில்முறைச் சுற்றுப் போட்டிகளில், ஆடியவர்களும் ஆடுகிறார்கள்.

ஆனால் அந்த அம்மா கேட்டது வானத்திலிருந்து விழுந்த கேள்வி இல்லை. 1968 வரை விம்பிள்டனில் அமெச்சூர்கள், அதாவது ஆட்டத்தைப் பிழைப்பாக வைத்துக்கொள்ளாதவர்கள், மட்டும்தான் ஆடலாம். நம்ம ஊர் ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 இரண்டு வருடமும் அங்கே அரையிறுதி வரை போனவர். தொழில்முறை ஆட்டங்களை நடத்திவந்த அமெரிக்கர் ஜாக் கிராமர் தன் குழுவுக்கு அவரைக் கூப்பிட்டார், நல்ல பணம், இவர் போகவில்லை. போயிருந்தால் விம்பிள்டனும் போயிருக்கும், நாடுகளுக்கு இடையிலான டேவிஸ் கோப்பையும் போயிருக்கும், 1966 இல் இந்தியா இறுதிப்போட்டிக்குப் போனபோது அவர் அணியில் இருந்திருக்க முடியாது. 1968 இல் கதவைத் திறந்தபோதும் முழுசாகத் திறக்கவில்லை. ஆட்டக்காரர்களை நாலு வகையாகப் பிரித்தார்கள்: அமெச்சூர், பதிவு செய்துகொண்டு பரிசுப் பணம் வாங்கும் ஆட்டக்காரர், ஒப்பந்தத்தில் ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர், அப்புறம் கற்றுக்கொடுக்கும் தொழில்முறையாளர். உங்கள் தங்கை அந்தக் காலத்தில் இருந்திருந்தால் இந்த நாலாவது பெட்டிக்குள் போட்டிருப்பார்கள், அமெச்சூர் போட்டிப் பக்கமே விட்டிருக்க மாட்டார்கள்.

பதினெட்டாம் குழி:
டென்னிஸ் தப்பித்தது, கோல்ஃப் தப்பிக்கவில்லை. எங்கள் ஆட்டத்தில் இன்றைக்கும் காசு வாங்கிக்கொண்டு ஒருவருக்கு ஸ்விங் திருத்திக் கொடுத்தால் அமெச்சூர் அந்தஸ்து போய்விடும். போட்டியில் ஒரு பைசா ஜெயிக்காமல் இருந்தாலும் சரி, பந்தை நேராக அடிக்கவே தெரியாமல் இருந்தாலும் சரி. 2022 ஜனவரியில் விதிகளைச் சுருக்கி எழுதினார்கள், விளம்பரத்தில் முகம் காட்டக் கூடாது, ஸ்பான்சர் வாங்கக் கூடாது என்றிருந்த பழைய கெடுபிடிகள் போயின. கற்றுக்கொடுப்பது பற்றிய விதி மட்டும் போகவில்லை.

விதிவிலக்கு உண்டு. பள்ளியிலோ கல்லூரியிலோ சம்பளத்துக்கு இருப்பவர் தன் வேலை நேரத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் கோல்ஃப் சொல்லித் தருகிறார் என்றால் பரவாயில்லை. எழுத்திலோ இணையத்திலோ பொதுவாக எல்லோருக்குமாகச் சொல்லிக் கொடுத்துச் சம்பாதித்தாலும் பரவாயில்லை. ஆக யூட்யூபில் லட்சக்கணக்கில் பார்க்கிறவர்களுக்குப் பாடம் எடுப்பவர் அமெச்சூர், பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஐநூறு ரூபாய்க்குச் சொல்லித் தருபவர் அமெச்சூர் இல்லை! எனக்கு இது சுத்தமாகப் புரியாத நியாயம். இழந்த அந்தஸ்தைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கலாம் என்பது ஒரு ஆறுதல்.

பழைய பேப்பர்:
இந்த நியாயம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் கொஞ்சம் கோபம்கூட வரும். 1866 இல் லண்டனில் அமெச்சூர் அத்லெட்டிக் கிளப் எழுதிய வரையறையில், பிழைப்புக்காக விளையாட்டைக் கற்றுக்கொடுத்தவர் அமெச்சூர் இல்லை என்று இருக்கிறது, அதே மூச்சில் கைத்தொழில் செய்பவரும் கூலி வேலை செய்பவரும் இல்லை என்று இருக்கிறது. அதாவது காசைப் பற்றிய கவலை இல்லை, கனவான்களோடு வேலைக்காரன் போட்டி போடக் கூடாது என்ற கவலை. படகுப் போட்டி நடத்தும் ஹென்லியிலும் இதே கதைதான். கொத்தனாராக வேலை பார்த்த அமெரிக்கர் ஜான் கெல்லியை 1920 இல் அங்கே சேர்க்கவில்லை, அதே வருடம் அவர் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் போய்த் தங்கம் ஜெயித்தார்.

கற்றுக்கொடுப்பவர்களை நேராக அடித்தது 1936 குளிர்கால ஒலிம்பிக். ஜெர்மனியின் கார்மிஷ்-பார்ட்டன்கிர்ஷனில் நடந்தது, மலைச்சரிவில் இறங்கும் ஆல்பைன் பனிச்சறுக்கு முதல்முறையாக ஒலிம்பிக்கில் வந்ததும் அப்போதுதான். பனிச்சறுக்குப் பயிற்றுநர்கள் எல்லாம் தொழில்முறையாளர்கள், ஆட முடியாது என்று ஒலிம்பிக் கமிட்டி சொல்லிவிட்டது. பனிச்சறுக்குச் சம்மேளனத்துக்கு அதில் உடன்பாடில்லை. ஆல்ப்ஸ் மலைக் கிராமத்தில் நன்றாகச் சறுக்கத் தெரிந்த பையன் குளிர்காலத்தில் வேறு என்ன வேலை செய்வான், வருகிற சுற்றுலாக்காரர்களுக்குச் சொல்லித்தான் கொடுப்பான். ஆஸ்திரியாவும் சுவிட்சர்லாந்தும் ஆல்பைன் போட்டிகளைப் புறக்கணித்தன. அந்த விளையாட்டில் உலகத்திலேயே கெட்டிக்காரர்கள் இருந்த நாடுகள் அவை, அவர்கள் இல்லாமலேயே முதல் பதக்கங்களைக் கொடுத்து முடித்தார்கள்.

இப்போது ஒலிம்பிக்கில் இந்தத் தொல்லை இல்லை. யாரைச் சேர்க்கலாம் என்பதை 1980களில் அந்தந்த விளையாட்டுச் சம்மேளனங்களிடமே விட்டுவிட்டார்கள். குத்துச்சண்டை மட்டும் 2016 இல்தான் தொழில்முறை வீரர்களைச் சேர்த்துக்கொண்டு வழிக்கு வந்தது.

பி.இ.டி. வாத்தியார்:
வரலாறு எல்லாம் சரி, வேலை செய்கிறவன் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். நான் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர், பி.பி.எட். படித்து வந்தவன். எனக்குச் சம்பளம் கபடியும் கோகோவும் சொல்லிக் கொடுக்க, மைதானத்தில் கோடு போட, மாவட்டப் போட்டிக்குப் பஸ் பிடித்துப் பிள்ளைகளைக் கூட்டிப்போக, பாதி நேரம் ஆசிரியர் வராத வகுப்பைப் பார்த்துக்கொள்ள. நான் ஜெயித்தாலும் தோற்றாலும் சம்பளம் ஒன்றுதான். தொழில்முறை ஆட்டக்காரன் அப்படியா? அவன் ஆடி ஜெயிப்பதுதான் அவன் வருமானம். வீட்டில் பாட்டு வாத்தியாராக இருப்பவரை யாராவது சபாவில் கச்சேரி செய்யும் வித்வான் என்பார்களா?

இன்னொன்றும் சொல்கிறேன், இங்கே யாரும் தொடவில்லை. ரயில்வேயிலும் போலீஸிலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்து, வருடத்தில் பெரும்பகுதி பயிற்சி முகாமிலேயே இருப்பவர்களை இந்த மாதிரிக் குடியிருப்புப் போட்டிகளில் யாரும் தொழில்முறை என்று கேட்பதே இல்லை, ஏனென்றால் சம்பளச் சீட்டில் கிளார்க் என்றோ கான்ஸ்டபிள் என்றோ இருக்கும். ஆறு வயதுக் குழந்தைக்கு ராக்கெட் பிடிக்கச் சொல்லிக் கொடுக்கிற பொண்ணு மேல்தான் சந்தேகம் வருகிறது.

கோவைக்காரி:
எல்லோருக்கும் நன்றி. அந்த அம்மா ஒரு விஷயம் சொல்கிறார், அதுவும் நியாயமாகத்தான் படுகிறது: "தினமும் இரண்டு மணி நேரம் கோர்ட்டில் நிற்கிறவரோடு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆடுகிற நான் எப்படி ஆடுவேன்?" இதற்கு என்ன பதில் சொல்வது?

பேஸ்லைன் பாலு:
அக்கா, பிள்ளைகளுக்குக் கூடையிலிருந்து பந்து எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தால் ஆட்டம் வளராது, கெட்டுத்தான் போகும். எந்த கோச்சை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், சொந்த ஆட்டம் ஆட நேரமே இல்லை என்றுதான் புலம்புவார். அவர் பயம் புரிகிறது, ஆனால் அது திறமை வித்தியாசம் பற்றிய பயம், அதற்குத் தரம் பார்த்து இரண்டு பிரிவு வைத்தால் போதும். நடத்துபவர்களிடம் அந்த வரியை இப்படி மாற்றி எழுதச் சொல்லுங்கள்: "கடந்த ஐந்து ஆண்டுகளில் பரிசுப் பணத்துக்காக ஆடியவர்களுக்கு அனுமதி இல்லை." யார் யாரோடு ஆடுவது என்று டிரா போடுவதற்கு முன்னால் எழுதி வாங்கிவிடுங்கள், முதல் சுற்று முடிந்த பிறகு யார் மாற்றினாலும் சண்டைதான் வரும்.