ஜாஸ் வானொலி: ‘மெமோரியல் பிராட்காஸ்ட்’ என்பதற்கு ஒரு கலைச்சொல்

அன்புடையீர், வணக்கம்.

ஜாஸ் கலைஞர் ஒருவர் மறைந்த செய்தி வந்ததும், வானொலி நிலையம் தன் வழக்கமான நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டு, மணிக்கணக்கில், சில வேளைகளில் நாள்கணக்கில், அவருடைய இசையை மட்டுமே ஒலிபரப்புவதே ‘மெமோரியல் பிராட்காஸ்ட்’. அதற்கு ‘இரங்கல் ஒலிபரப்பு’ என்ற சொல் முந்தைய மடலில் முன்மொழியப்பட்டது. அதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. அறிக்கை, கூட்டம், தீர்மானம் ஆகியவற்றோடு ஒட்டிப்போன அச்சொல்லைக் கண்டதும், சிலர் கூடி மறைந்தவரைப் பற்றிப் பேசப்போகிறார்கள் என்றே வாசகர் எண்ணுவார். இங்கோ அவர் வாசித்த இசைதான் நிகழ்ச்சி.

‘இசையஞ்சலி’ பொருத்தமாகத் தோன்றினாலும், பிறர் பாடியும் வாசித்தும் செலுத்தும் அஞ்சலிக்கு அது ஏற்கெனவே வழங்கிவருகிறது. சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங் 1959 மார்ச்சில் மறைந்தபின், அவருக்காக டபுள் பாஸ் கலைஞர் சார்லஸ் மிங்கஸ் அதே ஆண்டில் பதிவுசெய்த இசைப்படைப்பை இசையஞ்சலி என்பதே முறை. அச்சொல்லை அதற்கே விட்டுவிடலாம்.

நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மாணவர் வானொலியான டபிள்யூகேசிஆர் இத்தகைய ஒலிபரப்புகளுக்குப் பேர்பெற்றது. சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கருக்கென்றே 1981 முதல் அங்கே காலை நிகழ்ச்சி நடத்திவந்த ஃபில் ஷாப் (1951–2021), ஒரு பதிவை ஒலிக்கவிட்டால் அது எந்த நாளில் பதிவானது, யார் யார் உடன் வாசித்தார்கள் என்பதையெல்லாம் விரிவாகச் சொல்வார். நிகழ்ச்சி நீள்வதற்கான காரணமும் இதில்தான் இருக்கிறது. டிரம்ஸ் கலைஞர் மாக்ஸ் ரோச்சை (1924–2007) எடுத்துக்கொண்டால், அவர் பெயரில் வெளிவந்த இசைத்தட்டுகளோடு நிறுத்திவிட முடியாது; 1945 நவம்பர் 26 அன்று சவாய் இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பார்க்கர் தலைமையில் நடந்த பதிவில் டிரம்ஸ் வாசித்தவரும் அவரே என்பதால், பார்க்கரின் தட்டும் அவருக்கான ஒலிபரப்பில் இடம்பெற்றாக வேண்டும். பிறர் தலைமையில் வாசித்தவற்றையும் திரட்டி ஒருவரது வாழ்நாள் உழைப்பைக் கேட்கச்செய்வதற்குச் சில மணி நேரம் போதாது. ஆகவே, நீளம் இங்கே அலங்காரமன்று. சொல்லில் அது தெரியத்தான் வேண்டும்.

‘தொடர் ஒலிபரப்பு’ என்றால் வாரந்தோறும் வரும் தொடர் என்று பொருள்படும். ‘நெடுவொலி’ சுருக்கமானது, எனக்கும் பிடித்தது. ஆனால் இலக்கணம் படித்தவருக்கு நெடில்தான் நினைவுக்கு வரும். எனவே ‘நெடுநேர அஞ்சலி’ என்பதை முன்மொழிகிறேன். வானொலி என்பது இடத்தால் விளங்காதபோது ‘நெடுநேர அஞ்சலி ஒலிபரப்பு’ என்று விரித்து எழுதலாம்.

பிறந்தநாள் ஒலிபரப்புகளை இதில் சேர்க்கக் கூடாது. வாழ்கின்ற கலைஞர்களுக்கும் அவை உண்டு. அவர்களுக்கு அஞ்சலி என்று எழுதுவது பெரும்பிழையாகும். யங் பிறந்த ஆகஸ்டு 27, பார்க்கர் பிறந்த ஆகஸ்டு 29 ஆகிய இரண்டையும் இணைத்து டபிள்யூகேசிஆர் நடத்தும் 72 மணி நேர நிகழ்ச்சி, ‘பிறந்தநாள் நெடுநேர ஒலிபரப்பு’. டிரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்குக்கு ஆண்டில் இருமுறை இது நடக்கிறது: அவர் தம் பிறந்தநாளாகக் கொண்டாடிவந்த ஜூலை 4 அன்றும், அவருடைய உண்மையான பிறந்தநாள் எனத் திருமுழுக்குப் பதிவேட்டால் பின்னர் தெரியவந்த ஆகஸ்டு 4 அன்றும்.

அகராதிக்கு நான் தரும் விளக்கம்: ‘நெடுநேர அஞ்சலி – கலைஞர் மறைந்ததையொட்டி, வழக்கமான நிகழ்ச்சி நிரலை நிறுத்திவைத்து, அவர் தலைமையேற்றும் உடன்வாசித்தும் பதிவுசெய்த இசையை மட்டும் இடையறாது ஒலிபரப்புவது.’ இதில் ‘உடன்வாசித்தும்’ என்பதற்கு மாற்றாகப் ‘பக்கவாத்தியமாக வாசித்தும்’ என எழுதலாமா என்பதை இசையறிந்தோர் தெரிவிக்க வேண்டுகிறேன்.