ஸ்பெயினின் பழைய நகரங்கள்: இணையர் பயணத்துக்கு இரயிலா, காரா?

வைகைக்கரை:

ஸ்பெயின் பயணம் பற்றி இங்கே யார் கேட்டாலும் "இரயில் போதும், கார் வேண்டாம்" என்ற ஒரே பதில்தான் கிடைக்கிறது. நானும் என் மனைவியும் சென்ற அக்டோபரில் 16 நாள் அங்கே இருந்துவிட்டு வந்தோம். அந்தப் பதில் பாதிதான் உண்மை என்பது என் உறுதியான கருத்து. அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

முதலில் மாட்ரிட்டில் தங்கி, டொலேடோவுக்கும் செகோவியாவுக்கும் இரயிலில் போய்வந்தோம். பிறகு ஆத்தோச்சா நிலையத்தில் ஏறி இரண்டரை மணி நேரத்தில் செவில்லாவில் இறங்கினோம். 1992 ஏப்ரலில் திறக்கப்பட்ட, ஸ்பெயினின் முதல் அதிவேகப் பாதை அது. செவில்லாவில் மூன்று இரவு கழித்து, ஒரு காரை வாடகைக்கு எடுத்து, ரோண்டா, கிரனாடா, உபேதா, பயேசா ஆகிய ஊர்களைக் கண்டு, கொர்தோபாவில் காரை ஒப்படைத்துவிட்டு இரயிலில் மாட்ரிட் திரும்பினோம்.

செவில்லா 1248இல் முஸ்லிம் ஆட்சியிலிருந்து கிறித்தவக் கஸ்தீல் அரசின் கைக்குப் போயிற்று. கிரனாடா 1492 ஜனவரி 2 அன்றுதான் பணிந்தது. இடைப்பட்ட ஏறத்தாழ 243 ஆண்டுகள் அவ்விரு நகரங்களுக்கும் நடுவிலுள்ள மலைநாடு எல்லைப்பகுதியாகவே இருந்தது. ஆர்கோஸ், ஹெரெஸ் போன்ற ஊர்ப்பெயர்களோடு "தெ லா ஃப்ரொந்தேரா", அதாவது "எல்லைப்புறத்து" என்ற அடைமொழி இன்றும் ஒட்டிக்கொண்டிருப்பது அதனால்தான். செவில்லாவிலிருந்து ரோண்டாவுக்குப் போகும் சாலையில், நீர்த்தேக்கத்துக்கு மேலே குன்றின் உச்சியில் சஹாரா தெ லா சியெர்ராவின் ஒற்றைக் கோபுரம் நிற்பதைக் கண்டு வண்டியை ஓரங்கட்டி அரை மணி நேரம் நின்றோம். செதெனில் 1484இலும் ரோண்டா 1485இலும் வீழ்ந்த கதையை நான் முன்பே படித்திருந்தேன். ஆனால் ஒரு குன்றுக்கும் அடுத்த குன்றுக்கும் இடையிலுள்ள தொலைவைக் கண்ணால் அளந்தபோதுதான், ஏன் அத்தனை காலம் பிடித்தது என்பது புரிந்தது. மணிக்கு 250, 300 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியின் சன்னல் அதைச் சொல்லித்தராது.

கல்தூண்:

தங்கள் பதிவை மதிப்போடு படித்தேன், ஐயா. எல்லைப்புற ஊர்களைப் பற்றித் தாங்கள் எழுதியதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அதிலிருந்து தாங்கள் வந்தடையும் முடிவை ஏற்க இயலவில்லை.

கழுதைகளும் கால்நடையாகச் செல்லும் மனிதரும் போவதற்காகக் கட்டப்பட்ட நகரங்கள் இவை. டொலேடோவில் தாஹோ ஆறு மூன்று பக்கமும் வளைந்தோட, பாறையின் மேல் தெருக்கள் சுருண்டு கிடக்கின்றன. இரண்டு பேர் கைகோத்து நடந்தாலே சில தெருக்கள் நிறைந்துவிடும். செகோவியாவில் சுண்ணாம்புச் சாந்து இல்லாமல் கருங்கற்களை அடுக்கியே எழுப்பிய ரோமானியர் நீர்ப்பாலத்தின் அடியில் 1992 வரை வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. புகையும் அதிர்வும் கல்லைத் தின்கின்றன என்று கண்ட பிறகுதான் அதை நிறுத்தினார்கள். அப்படி வண்டியை வெளியேற்றிக் காப்பாற்றப்பட்ட நாட்டுக்குள் இன்னும் ஒரு வண்டியோடு போவது சரியா என்பதே என் முதல் கேள்வி.

இரண்டாவது, நீங்கள் இருவராகப் போனது. மலைச்சாலையில் ஒருவர் ஓட்டுகிறார் என்றால் அவர் பார்ப்பது அடுத்த வளைவை மட்டுமே. அருகில் இருப்பவர் கைபேசியில் வழியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருப்பார். மாலையில் ஊர் வந்து சேரும்போது இருவரும் களைத்திருப்பார்கள். நானும் என் துணைவியும் மாட்ரிட்டிலிருந்து கொர்தோபாவுக்கு ஒன்றே முக்கால் மணி நேரத்தில் போனோம். போய் இறங்கியதும் நேரே பெரிய மசூதிக்கு நடந்து, 850க்கு மேற்பட்ட தூண்களுக்கு நடுவே மாலை வரை இருந்தோம். எட்டாம் நூற்றாண்டில் தொடங்கி இருநூறு ஆண்டுகளில் நான்கு கட்டமாக வளர்ந்த கட்டடம் அது; நடுவே 16ஆம் நூற்றாண்டில் ஒரு பேராலயத்தையும் எழுப்பினார்கள். ஒவ்வொரு கட்டமும் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தேடிப் பார்க்கவே ஒரு பகல் வேண்டும். சாலையில் செலவாகும் நேரம் அந்தப் பகலிலிருந்துதான் கழிகிறது.

ஆலிவ்நிழல்:

படிப்புக்காகச் சலமாங்காவில் இரண்டு ஆண்டு இருந்தவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். கல்தூண் அவர்கள் சொல்வது மாட்ரிட்–கொர்தோபா–செவில்லா என்ற ஒரு கோட்டுக்கு முழுக்கப் பொருந்தும். அந்தக் கோட்டைவிட்டு விலகினால் பொருந்தாது.

ஸ்பெயினின் இரயில் பாதைகள் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல மாட்ரிட்டிலிருந்து விரிகின்றன. டொலேடோவிலிருந்து செகோவியாவுக்கு இரயிலில் போக வேண்டுமானால், ஆத்தோச்சாவுக்கு வந்து இறங்கி, நகரைக் கடந்து சமார்த்தின் நிலையத்துக்குப் போய், வேறு வண்டி ஏற வேண்டும். அங்கிருந்து குவாதராமா மலைக்கடியில் 28 கிலோமீட்டர் சுரங்கம் வழியாக அரை மணிக்குள் செகோவியா வந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் இறங்குமிடம் ஊருக்கு வெளியே வெட்டவெளியில் இருக்கிறது. நீர்ப்பாலத்தடிக்கு இன்னொரு பேருந்து பிடிக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய குறை மேற்கே இருக்கிறது. ரோமானியர் மெரிதாவிலிருந்து வடக்கே அஸ்தோர்கா வரை போட்ட சாலையை "வெள்ளி வழி" என்பார்கள். அதன் தடத்தையொட்டியே கசேரெஸையும் சலமாங்காவையும் இணைத்து ஓர் இரயில் பாதை இருந்தது. பயணிகள் போக்குவரத்தை 1985இல் நிறுத்திவிட்டார்கள். 1218இல் தொடங்கிய பல்கலைக்கழகம் உள்ள சலமாங்காவிலிருந்து, மதில் சூழ்ந்த கசேரெஸுக்கு இன்று நேராக இரயிலில் போக முடியாது. பெருவின் இன்கா பேரரசை வென்ற பிசாரோ பிறந்த திருஹில்லோவிலோ நிலையமே கிடையாது. இரயில் மட்டுமே போதும் என்பவர்களுக்கு எக்ஸ்த்ரெமதுரா என்ற ஒரு மாநிலமே பெரும்பாலும் கண்ணில் படாமல் போகிறது.

கல்தூண்:

ஆலிவ்நிழல் அம்மா அவர்களுக்கு நன்றி. மேற்கைப் பற்றிச் சொன்னது சரி; நான் அங்கே போனதில்லை. ஆனால் இரயில் இல்லாத இடத்தில் கார்தான் ஒரே வழி என்று ஏன் கொள்ள வேண்டும்? சலமாங்காவிலிருந்து கசேரெஸுக்கும், கிரனாடாவிலிருந்து உபேதாவுக்கும் பேருந்துகள் ஓடுகின்றன. பேருந்தில் மலையும் தெரியும். ஒருவர் தோளில் மற்றவர் சாய்ந்துகொள்ளவும் முடியும்.

வைகைக்கரை:

பேருந்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் சஹாராவின் கோபுரத்தைக் கண்டதும் நிறுத்தச் சொன்னால் பேருந்து நிற்காது. நான் வேண்டுவது அந்த நிறுத்தத்தைத்தான்.

இரயிலை நம்பியே திட்டமிடுவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதிவேகப் பாதைக்கான வேலைக்காக 2015இல் கிரனாடாவின் இரயில் தொடர்பைத் துண்டித்தார்கள். மூன்று ஆண்டுகளுக்கு மேல் பயணிகளைப் பேருந்தில்தான் அந்தேகேரா வரை கொண்டுபோய் வண்டி ஏற்றினார்கள். 2019 ஜூனில்தான் அதிவேக வண்டி கிரனாடாவுக்கு வந்தது. பயேசாவின் நிலை இன்னும் வருத்தத்துக்குரியது. அதன் பெயரைத் தாங்கிய நிலையம் ஊரைவிட்டு வெகுதொலைவில் லினாரெஸ் பக்கம் இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே உத்தியெல் வரை ஒரு பாதை போட்டார்கள். சுரங்கங்களும் பாலங்களும் கட்டிய பிறகு, ஒரு பயணி வண்டிகூட ஓடாமலே அதைக் கைவிட்டார்கள்.

உபேதாவும் பயேசாவும் 9 கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு சிற்றூர்கள். 2003இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஒன்றாகவே சேர்ந்தன. கட்டடக் கலைஞர் அந்திரெஸ் தெ வந்தெல்விரா 16ஆம் நூற்றாண்டில் அங்கே எழுப்பிய மாளிகைகளும் ஆலயங்களும் தேன்நிறக் கல்லில் நிற்கின்றன. சுற்றிலும் ஹாயென் மாகாணத்தின் ஆலிவ் தோப்புகள். 6 கோடிக்கும் மேற்பட்ட மரங்கள் என்பார்கள். பயேசாவின் மதிலோர நடைபாதையில் நின்று அந்த வரிசைகள் தொலைமலை வரை போவதைப் பார்த்த மாலையை, இந்தப் பயணத்தின் வேறெந்தப் பொழுதோடும் நான் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

வைகைக்கரை இல்லத்தரசி:

மேலே எழுதுபவரின் மனைவி நான். இருவரும் சேர்ந்து போன பயணத்தைப் பற்றி ஒருவர் மட்டுமே எழுதிக்கொண்டிருப்பதால், என் தரப்பையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஓட்டியதில் பாதி நான்தான். ஆகவே, ஓட்டுபவருக்கு எதுவும் தெரியாது என்று கல்தூண் அவர்கள் எழுதியதை ஏற்க மாட்டேன். ஒருவர் ஓட்ட மற்றவர் பார்த்துச் சொல்வதும் ஒரு பேச்சுத்தான்; வீட்டில் நாங்கள் இருவரும் அவ்வளவு பேசுவதில்லை. ஆனால் கிரனாடாவைப் பற்றி என் கணவர் எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன். அல்பைசீன் மேட்டில் தங்குமிடம் எடுத்திருந்தோம். அங்கே பல தெருக்கள் அங்கு வசிப்பவர்களின் வண்டிகளுக்கு மட்டும்; நுழைந்தால் கேமரா எண்ணைப் பிடித்துவிடும். ஒன்றரை மணி நேரம் மேட்டைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் கீழே கட்டண நிறுத்தத்தில் காரை விட்டுவிட்டுப் பெட்டிகளைக் கூழாங்கல் தெருவில் இழுத்துக்கொண்டு ஏறினோம். கிரனாடாவின் அல்ஹம்ப்ரா கோட்டையில், நஸ்ரி அரசர்களின் அரண்மனைகளுக்குச் சீட்டில் குறித்த நேரத்தில்தான் உள்ளே விடுவார்கள். எங்கள் நேரத்துக்கு ஆறு நிமிடம் இருக்கும்போது வாசலுக்கு ஓடினோம். சிங்கங்களின் முற்றத்துக்குள் நான் நுழைந்தபோது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அந்த முற்றத்தின் அமைதி என்னை எட்டவே கால்மணி நேரம் ஆயிற்று. காரில்லாமல் வந்திருந்தால் இது நேர்ந்திருக்காது.

வாடகை நிலையத்தில் நடந்ததும் இனிமையானதன்று. ஊரிலேயே காப்பீட்டோடு சேர்த்துப் பணம் கட்டியிருந்தும், கூடுதல் காப்பீடு வாங்கினால்தான் வண்டி என்று அந்த நிறுவனத்தார் பிடிவாதம் பிடித்தார்கள். வாங்க மறுத்ததால் கடனட்டையில் பெருந்தொகையை முடக்கி வைத்து, வண்டியைத் திருப்பித் தந்து பல நாள் ஆன பிறகே விடுவித்தார்கள்.

அதனால் என் தீர்ப்பு வேறு. செவில்லாவிலிருந்து கிரனாடாவுக்கு இரயிலில் போக வேண்டும். அல்ஹம்ப்ராவை நிதானமாகப் பார்த்து முடித்து, ஊரைவிட்டுக் கிளம்பும் காலையில் காரை எடுக்க வேண்டும். உபேதா, பயேசா பார்த்துக் கொர்தோபாவில் ஒப்படைத்துவிடலாம். பயேசாவை மட்டும் விட்டுக்கொடுக்க என்னாலும் முடியாது.

வைகைக்கரை:

கிரனாடாவைப் பொறுத்தவரை என் மனைவி சொல்வதே சரி. அன்று அவள் முகத்தில் இருந்த களைப்பு எனக்கும் நினைவிருக்கிறது. ஆனால் அவள் திட்டத்தில் எல்லைப்புறம் முழுவதும் விடுபட்டுப்போகிறது. செவில்லாவில் காரை எடுத்து, சஹாராவும் செதெனிலும் பார்த்து ரோண்டாவில் தங்கி, கிரனாடாவுக்குள் நுழையும் முன்பே காரைத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்று என் வாதத்தைத் திருத்திக்கொள்கிறேன். விமான நிலையம் ஊருக்கு வெளியே இருப்பதால் அங்கேயே ஒப்படைக்கலாம். பயேசாவுக்கு மறுபடி ஒரு கார் தேவைப்படும். செலவு கூடத்தான் செய்யும்.

புதுவழி:

நானும் என் கணவரும் மார்ச்சில் போகிறோம். 10 நாள்தான் இருக்கிறது. நம் ஊர் ஓட்டுநர் உரிமம் அங்கே செல்லுமா? இரயிலில் பெட்டிகளோடு ஏறுவது சிரமமா?

ஆலிவ்நிழல்:

உரிமத்தோடு, ஊரில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் எடுத்துச் செல்லுங்கள். சாலையில் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். தானியங்கி கியர் வேண்டுமானால் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். வாடகை வண்டிகளில் கையால் கியர் மாற்றுபவையே மிகுதி. அதிவேக வண்டிகளுக்கு, ஏறும் முன் பெட்டிகளை ஊடுகதிர்ச் சோதனைக்கு உட்படுத்துவார்கள். அரை மணி முன்பாகவே நிலையத்துக்குப் போய்விடுங்கள். 10 நாளில் எல்லாவற்றையும் பார்க்க முடியாது. மாட்ரிட், டொலேடோ, கொர்தோபா, கிரனாடா போதும். அந்த நான்குக்கும் கார் வேண்டாம்.

கல்தூண்:

கடைசி வரி என் வாதம்தான் என்பதில் மகிழ்ச்சி. ஆனால் இந்த இழையைப் படித்ததில் என் எண்ணமும் ஓரிடத்தில் அசைந்திருக்கிறது. எல்லைப்புறம் பற்றி வைகைக்கரை ஐயா எழுதியதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. நகரம் முடியும் இடத்தில் வரலாறும் முடிந்துவிடுவதாகவே நான் பயணம் செய்திருக்கிறேன்.

இருந்தாலும் மேற்கே போனால் பேருந்தில்தான் போவேன். மெரிதாவில் குவாதியானா ஆற்றின் மேல் கிட்டத்தட்ட 790 மீட்டர் நீளத்துக்கு ரோமானியர் பாலம் ஒன்று கிடக்கிறது. 1991இல் பக்கத்தில் புதுப்பாலம் திறக்கும் வரை அதன் மேல் லாரிகள் ஓடின; இப்போது நடப்பவர்களுக்கு மட்டுமே வழி. என் துணைவியோடு அதை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து கடக்க வேண்டும். ஆலிவ்நிழல் அம்மா, சலமாங்காவிலிருந்து காலையில் புறப்படும் பேருந்து ஒரே நாளில் கசேரெஸைப் பார்க்க இடம் தருமா, அல்லது அங்கே ஓர் இரவு தங்க வேண்டுமா?

ஆலிவ்நிழல்:

கட்டாயம் தங்குங்கள். கசேரெஸின் பழைய ஊரை இருட்டிய பிறகு பார்க்க வேண்டும். பகல்நேரக் கூட்டம் போய்விட்டால் அந்தக் கல்தெருக்களில் உங்கள் இருவரின் காலடியோசை மட்டும்தான் கேட்கும்.