வேதாரண்யம் பக்கம் இரண்டு செயற்கைக்கோள்களும் ஒத்துவராதது ஏன்?

டெல்டாவில் மண் ஈரப்பதம் பார்ப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். மண் ஈரம் பார்க்கும் செயற்கைக்கோள்களான ஐரோப்பாவின் ஸ்மாஸ் (SMOS, 2009-ல் ஏவியது), நாசாவின் ஸ்மாப் (SMAP, 2015-ல் ஏவியது) இரண்டும் தரை உமிழும் கதிர்வீச்சை 1.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம்தான் அளக்கின்றன, இரண்டும் காலையிலும் மாலையிலும் ஆறு மணிவாக்கில் கடக்கின்றன. ஆனாலும் வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் ஒளிர்வு வெப்பநிலை (அந்தக் கதிர்வீச்சின் அளவை வெப்பநிலையாகச் சொல்லும் எண்) ஒத்தே வரவில்லை. கூட வேலை பார்க்கும் அண்ணன், "ஏதோ ஒண்ணுல அளவுத்திருத்தம் போயிருக்கு தம்பி" என்று அடித்துச் சொன்னார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

இவற்றின் ஒரு பார்வை வட்டமே, அதாவது ஒரே அளவீட்டில் சேரும் தரைப்பரப்பே, ஏறத்தாழ 40 கிலோமீட்டர் அகலம். கோடியக்கரையில் அதை வைத்தால் கடலும் உள்ளே வந்துவிடும். தண்ணீர் உமிழ்வது குறைவு, அதனால் காய்ந்த மண்ணைவிட மிகக் குளிர்ச்சியாகத் தெரியும், வட்டம் கொஞ்சம் நகர்ந்தாலே எண் மாறிவிடும். காலையில் ஸ்மாஸ் வடக்கு நோக்கிப் போகும், ஸ்மாப் தெற்கு நோக்கி, ஆகவே வட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காராது. சம்பா நடவு சமயத்தில் வயலெல்லாம் தண்ணீர் நிற்கும்போது உள்நாட்டிலும் இதே கூத்துதான், நேற்றுப் பாய்ச்சாத வயலுக்கு இன்று தண்ணீர் வந்திருக்கும், ஒரே நாள் பதிவாக இல்லாவிட்டால் ஒப்பிட்டே பயனில்லை.

அதனால் ஒரே நாள் பதிவை மட்டும் வைத்துக்கொண்டேன். ஸ்மாப் எப்போதும் 40 பாகைக் கோணத்தில் பார்க்கிறது, ஸ்மாஸ் ஒரே இடத்தைப் பல கோணங்களில் பார்க்கிறது, அதிலிருந்து 40-க்கு உரியதை எடுத்தேன். கரையோரத்தையும் மழை நாட்களையும் விட்டேன். வித்தியாசம் நன்றாகவே சுருங்கியது. மிஞ்சியது கருவியுடையதா என்று கேட்க டெல்டா ஏற்ற இடமே இல்லை. அதற்கு அண்டார்க்டிகாவின் டோம் சி பனிமேடு வேண்டும். இந்த அலைவரிசையில் அங்கே வருவது ஆழத்துப் பனியின் கதிர்வீச்சு, அது வருடம் முழுவதும் பெரிதாக மாறாது. அங்கே இரண்டும் நெருங்கியே நின்றன, இருந்த சின்ன வித்தியாசமும் நாளுக்கு நாள் அலையவில்லை. வரைபடத்தைப் பார்த்த அண்ணன், "சரி, கருவி மேல பழி போட முடியாது" என்று ஒத்துக்கொண்டார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இவை அளக்கும் 1400 முதல் 1427 மெகாஹெர்ட்ஸ் வரை யாரும் ஒலிபரப்பக் கூடாது, ஆனாலும் தரையிலுள்ள ரேடியோ கருவிகளிலிருந்து கசிவு வருகிறது. அது வெப்பநிலையைக் கூட்டிக் காட்டும், மண் காய்ந்ததாகத் தோன்றும். ஸ்மாப்பில் இதைக் கண்டுபிடிக்கக் கருவியிலேயே தனி ஏற்பாடு உண்டு, ஸ்மாஸில் அப்படி இல்லை.

தாளடி சமயத்தில் திருவாரூர், நாகப்பட்டினம் வயல்களில் மண் ஈரத்தை நேரடியாக அளந்தவர்கள் இருந்தால் தேதியோடு போடுங்கள், வைத்துப் பார்க்கலாம்.