தொகுத்த பைதான் செயலியில் ‘மாட்யூல் இல்லை’ என்ற பிழை: உங்கள் அனுபவங்கள்

முதல் பதிவு

ஃபாஸ்ட்ஏபிஐ என்ற பைதான் வலைச் சட்டகம் கொண்டு எழுதிய சிறிய சேவை ஒன்றை, பைதான் நிறுவப்படாத விண்டோஸ் கணினிகளிலும் இயங்க வேண்டும் என்பதற்காகப் பைஇன்ஸ்டாலர் என்ற தொகுப்புக் கருவியில் ஒரே இஎக்ஸ்இ கோப்பாகத் தொகுத்தேன். மூலநிரலாக ஓடியபோது எந்தக் குறையும் இல்லை. தொகுத்த பிறகோ, ‘மெயின்’ என்ற மாட்யூலை (நிரல் கோப்பை) இம்போர்ட் செய்ய, அதாவது உள்ளே ஏற்ற, முடியவில்லை என்று, சேவையை இயக்கும் யுவிகார்ன் என்ற சர்வர் நின்றுவிட்டது. தொகுக்கக் கொடுத்த கோப்பின் பெயரே மெயின் என்பதுதான் வேடிக்கை.

பைஇன்ஸ்டாலர் நம் நிரலை ஓட்டிப் பார்ப்பதில்லை. பைட்கோடை (நிரலின் இடைநிலை வடிவத்தை) படித்து, அதில் காணும் இம்போர்ட் கூற்றுகளைப் பிடித்துக்கொண்டே ஒவ்வொரு மாட்யூலாகச் சேர்க்கிறது. யுவிகார்னின் ரன் செயற்கூறுக்கு ‘மெயின்:ஆப்’ என்று ஒரு சரத்தைத்தான் கொடுத்திருந்தேன். சரத்துக்குள் இருக்கும் பெயர் அதற்கு வெறும் எழுத்துகளே. தொடக்கக் கோப்பும் நுழைவு நிரலாக ஓடுகிறதே தவிர, மெயின் என்ற பெயரில் மாட்யூலாகத் தொகுப்பில் வைக்கப்படுவதில்லை. சரத்துக்குப் பதிலாக ஆப் என்ற பொருளையே நேரடியாகக் கொடுத்ததும் சேவை எழுந்தது. நிரல் மாறியதும் சேவையை மீண்டும் தொடங்கும் தானியங்கி ரீலோடுக்கும், ஒரே நேரத்தில் ஓடும் பல வொர்க்கர்களுக்கும் (செயலாக்கங்களுக்கும்) சரம்தான் தேவை என்பது உண்மை. ஆனால் பயனரிடம் போய்ச் சேரும் இஎக்ஸ்இயில் ரீலோடுக்கு என்ன வேலை?

இரண்டாம் பதிவு

எங்கள் செயலி ப்ளகின் (தனியாகச் சேர்க்கும் துணை நிரல்) அமைப்பு கொண்டது. ஒரு கோப்புறையில் உள்ள .பிஒய் கோப்புகளைப் பட்டியலிட்டு, அந்தப் பெயர்களை இம்போர்ட்லிப் என்ற பைதான் நூலகம் வழியாக ஏற்றும். தொகுத்த பிறகு பிழைகூட வரவில்லை, ப்ளகின் பட்டியல் வெறுமையாகவே இருந்தது. என் கருத்தில், பிழை காட்டி விழும் செயலியைவிட இதுதான் தொல்லை. மாறியில் வரும் பெயரைப் பைஇன்ஸ்டாலரால் ஊகிக்க முடியாது என்பது ஒருபுறம். மறுபுறம், சேர்க்கப்பட்ட பைதான் மாட்யூல்களும் காப்பகம் ஒன்றுக்குள் அடைபடுவதால், தேடுவதற்கு அங்கே .பிஒய் கோப்புகளே இருப்பதில்லை. அந்தக் கோப்புறையை முறையான பேக்கேஜாக்கி, அதன் துணை மாட்யூல்கள் அனைத்தையும் சேர்க்கும்படி ‘கலெக்ட் சப்மாட்யூல்ஸ்’ தெரிவைக் கொடுத்து, கோப்புத் தேடலுக்குப் பதில், பேக்கேஜில் உள்ள மாட்யூல்களைப் பட்டியலிடும் பிகேஜியுடில் நூலகம் கொண்டு பெயர்களை எடுத்தோம்.

இந்தத் தேடலில் மிகவும் கைகொடுத்தது, பில்ட் கோப்புறையில் ‘வார்ன்’ என்று தொடங்கும் உரைக்கோப்பு. அதில் விண்டோஸில் இல்லாத யூனிக்ஸ் மாட்யூல்கள் போன்ற பொருட்படுத்த வேண்டாத வரிகளே மிகுதி என்பதால் பலர் திறந்தவுடன் மூடிவிடுகின்றனர். பைஇன்ஸ்டாலர் இம்போர்ட் கூற்றைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாமல் போன பெயர்கள்தாம் அங்கே இடம்பெறும். ஆகவே, பிழையில் வரும் பெயர் அந்தப் பட்டியலில் இருந்தால், அந்த நூலகம் தொகுத்த சூழலில் நிறுவப்படவில்லை என்று முதலில் ஐயப்பட வேண்டும். வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (திட்டத்துக்கெனத் தனியான பைதான் சூழல்) ஒன்றிருக்க, வேறொரு பைதானுக்குரிய பைஇன்ஸ்டாலர் ஓடியிருக்கலாம். பட்டியலிலும் இல்லை, தொகுப்பிலும் இல்லை என்றால் அதைப் பைஇன்ஸ்டாலர் பார்க்கவே இல்லை. பெயரை நாமே சொல்லிச் சேர்க்கும் ‘ஹிட்டன் இம்போர்ட்’ தெரிவு அதற்காகத்தான். எதையும் ஆராயாமல் ‘கலெக்ட் ஆல்’ கொடுத்து எல்லாவற்றையும் திணிக்கும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை. கோப்பு பருத்துவிடும், காரணமும் தெரியாமலே போகும்.

மூன்றாம் பதிவு

இம்போர்ட் பிழை போலவே தோன்றும் வேறு இரண்டையும் சந்தித்திருக்கிறேன். ‘டிஎல்எல் லோட் ஃபெயில்ட்’ என்ற செய்தியில் வரும் மாட்யூல் பெரும்பாலும் தொகுப்பில் இருக்கவே செய்யும். அது சார்ந்திருக்கும் டிஎல்எல் (விண்டோஸ் நூலகக் கோப்பு) ஒன்றுதான் அந்தக் கணினியில் கிடைக்காமல் போயிருக்கும். இன்னொன்று, தன் பதிப்பு எண்ணை இம்போர்ட்லிப் மெட்டாடேட்டா வழியாக (நிறுவலின்போது பதிவான தகவலிலிருந்து) கேட்கும் நூலகம்: நிரல் முழுவதும் உள்ளே இருந்தும் ‘பேக்கேஜ் நாட் ஃபவுண்ட்’ என்று விழும், ‘காப்பி மெட்டாடேட்டா’ கொடுத்தால் சரியாகிவிடும். சோதிக்கும்போது ஒற்றைக் கோப்பாக அல்லாமல் கோப்புறையாகத் தொகுத்து, கன்சோலை மறைக்காமல் கமாண்ட் ப்ராம்ப்டிலிருந்து இயக்குங்கள்; இல்லையேல் பிழைச்செய்தி முழுதாகக் கண்ணில் படாமலே போகக்கூடும்.