புதுப்பிப்பு: 1931 டிராகுலா, ஸ்பானிஷ் பதிப்பையும் பார்த்த பிறகு

டாட் பிரவுனிங் இயக்கிய ஆங்கில ரத்தக்காட்டேரிப் படம் 'டிராகுலா' முதல் இருபது நிமிடம் அற்புதம், லண்டன் வந்ததும் படுத்துவிடுகிறது, பின்னணி இசையே இல்லாதது பெரிய குறை என்று முன்பு எழுதியிருந்தேன். அதே செட்டுகளில் இரவு நேரத்தில் வேறு நடிகர்களை வைத்து எடுத்த ஸ்பானிஷ் பதிப்பைப் பார்க்கச் சொன்னீர்கள். பார்த்துவிட்டேன்.

ஸ்பானிஷ் பதிப்பில் கேமரா இன்னும் நன்றாக நகர்கிறது என்று நீங்கள் சொன்னது சரி. டிராகுலா முதலில் தோன்றும் படிக்கட்டுக் காட்சியில் கேமரா அவரை நோக்கி மேலேறிப் போகிறது. ஆங்கிலத்தில் அந்த வேகம் இல்லை. பாதிக்கு மேல் மேடை நாடகம் போல வரவேற்பறையிலேயே பேசிக்கொண்டிருக்கிறார்கள். டிராகுலாவின் சாவைக்கூடக் காட்டாமல் ஒரு முனகலோடு முடித்துவிட்டது இன்னும் உறுத்துகிறது.

ஆனால் ஆங்கிலத்தில் டிராகுலாவாக வரும் பேலா லுகோசிக்கு ஈடு இல்லை. ஸ்பானிஷ் டிராகுலா கார்லோஸ் வில்லாரியாஸ் கண்ணை உருட்டி மிரட்டப் பார்க்கிறார். லுகோசி அசையாமல் நின்றாலே போதும். அப்புறம், கப்பலின் அடித்தளத்திலிருந்து மேலே பார்த்துச் சிரிக்கும், ஆங்கிலப் பதிப்பில் டிராகுலாவின் பித்துப்பிடித்த அடிமை ரென்ஃபீல்டாக வரும் டுவைட் ஃப்ரை! அந்தச் சிரிப்பு இரண்டு நாள் காதிலேயே இருந்தது.

இசை பற்றிச் சொன்னதை மட்டும் திரும்பப் பெறுகிறேன். இந்த முறை ஆங்கிலப் பதிப்பை விளக்கை அணைத்து, ஹெட்போனில் பார்த்தேன். கோட்டைக்குள் சவப்பெட்டி மூடி மெல்லத் திறந்து விரல்கள் வெளியே வரும்போது அந்த நிசப்தம்தான் பயமுறுத்துகிறது.