வரத்துக்கால் வெட்டச் சம்மதித்தவர்கள் ஏன் வருவதில்லை?

கேள்வி (கண்மாய்க்கரை):
சிவகங்கை மாவட்டத்தில் உள்ள எங்கள் ஊர்க் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் சீமைக்கருவேலம் மண்டித் தூர்ந்து கிடக்கிறது. ஐப்பசி மழைக்கு முன் தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, ஓர் ஆள் வந்து வெட்டுவதென்று ஊர்க்கூட்டத்தில் ஒருமனதாக முடிவெடுக்கிறோம். ஆனால் குறித்த நாளில் மண்வெட்டியோடு வந்து நிற்பவர்கள் பெரும்பாலும் தண்ணீர் கடைசியாக வந்துசேரும் வயல்களை உடைய கடைமடைக்காரர்களே. கண்மாய் பெருகினால் எல்லோருக்கும் நன்மை என்று தெரிந்திருந்தும் ஏன் இந்த நிலை?

பதில் (ஆயக்கட்டுதாரர்):
தான் வராவிட்டாலும் பிறர் வெட்டினால் தண்ணீர் தன் வயலுக்கும் வந்துவிடும். தான் மட்டும் வந்து பிறர் வராவிட்டால் ஒரு நாள் கூலி வீண். இந்தக் கணக்கு எக்காலத்திலும் இருந்ததுதான். முன்பு கண்மாய் வற்றினால், முதலில் தண்ணீர் பெறும் தலைமடைக்காரரின் பயிரும் கருகும் என்பதால், வராதவரைத் தட்டிக்கேட்க அவரே முன்னின்றார். ஆழ்துளைக் கிணறும் இலவச மின்சாரமும் வந்தபின், செல்வாக்குள்ளவர்களுக்குக் கண்மாயை நம்பியிருக்கும் தேவை குறைந்துவிட்டது. நீர்க்கட்டியும் இன்று பல ஊர்களில் இல்லை. பற்றாக்குறைக் காலத்தில் எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்று முறைவைத்து மடை திறந்தவர் அவர்; களத்து நெல்லே அவருக்குக் கூலி. தண்ணீர் முறையாகப் பிரியும் என்ற நம்பிக்கை போனபின் உழைக்க யாருக்கு மனம் வரும்?

பதில் (பழைய பதிவேடு):
முன்னோர் எல்லோரும் மனமுவந்து குடிமராமத்து, அதாவது ஊரார் கூடி நீர்நிலைகளைச் செப்பனிடும் வேலை, செய்தார்கள் என்பதை என்னால் ஏற்க இயலவில்லை. வழக்கப்படி தர வேண்டிய உழைப்பைத் தராதவர் அதன் மதிப்பைப் போல் இருமடங்கு செலுத்த வேண்டுமென்று சென்னை மாகாணத்தில் 1858ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. அதைவிட வேதனையானது, கண்மாய்ப் பாசனப் பரப்பான ஆயக்கட்டில் ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத ஒடுக்கப்பட்ட மக்கள் பல ஊர்களில் மண் சுமக்க நேர்ந்ததுதான். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று வர மறுப்பது முற்றிலும் நியாயம். தலைக்கட்டுக் கணக்கைக் கைவிட்டு, ஏக்கர் வீதம் வரி பிரித்து, வெட்டுபவர்களுக்கு முழுக் கூலி கொடுங்கள்.

பதில் (ஊருணி):
ஏக்கர் வீதம் என்பதே சரி. பாசனக் குழுக்களை ஆராய்ந்து 2009இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், நெடுங்காலம் நிலைத்த அமைப்புகளில் கண்காணிப்பவர் பயனாளிகளுக்கே பதில் சொல்பவராக இருந்ததையும், முதல் தவறுக்குச் சிறு தண்டமும் மீண்டும் தவறினால் கூடுதல் தண்டமும் விதிக்கப்பட்டதையும் எடுத்துக்காட்டினார். கண்மாய் நிறைந்தால்தான் கிணற்றில் ஊற்று ஊறும் என்பதால், கிணற்றுக்காரர்களும் வரி கொடுக்கக் கடமைப்பட்டவர்கள்.

கண்மாய்க்கரை:
கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமைக்கான மீன்பாசி ஏலத் தொகை முழுவதும் எங்கள் ஊரில் திருவிழாவுக்கே செலவாகிறது. அதில் ஒரு பங்கை நீர்க்கட்டியின் சம்பளத்துக்கு ஒதுக்கவும், கிணற்றுக்காரர்களையும் வரியில் சேர்க்கவும் அடுத்த கூட்டத்தில் கேட்கிறோம்.