ஏஐஎஸ் தரவிலிருந்து கப்பல் உமிழ்வைக் கணக்கிட்டால் எரிபொருள் குறைவாக வருவது ஏன்?

கேள்வி

வணக்கம். கொள்கலன் கப்பல் ஒன்று ஓராண்டில் வெளியிட்ட கார்பன் டை ஆக்சைடை ஏஐஎஸ் (கப்பல்கள் தம் இருப்பிடத்தையும் வேகத்தையும் தாமே ஒலிபரப்பும் அமைப்பு) தரவிலிருந்து முதுகலை ஆய்வேட்டுக்காகக் கணக்கிட்டு வருகிறேன். ஒவ்வொரு நாளின் சராசரி வேகத்தையும் கப்பலின் உச்ச வேகத்தால் வகுத்து, மும்மடியாக்கி (மூன்றாம் படிக்கு உயர்த்தி), மெயின் எஞ்சின் திறனோடு பெருக்குகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் எம்ஆர்வி (கப்பல் உமிழ்வைக் கண்காணித்து, அறிவித்து, சரிபார்க்கும் முறை) பதிவேட்டில் இதே கப்பலுக்குக் காட்டப்பட்டுள்ள அளவைவிட என் விடை மிகவும் குறைகிறது. அங்குள்ள துறைமுகங்களைத் தொடும் பயணங்களை மட்டும் பிரித்தே ஒப்பிட்டேன். எங்கே தவறுகிறது? மேலும், பன்னாட்டுக் கப்பல் போக்குவரத்தின் 2018ஆம் ஆண்டு உமிழ்வு ஓரிடத்தில் 74 கோடி டன் என்றும், மற்றோரிடத்தில் 91.9 கோடி டன் என்றும் இருக்கிறது. முன்னுரையில் எதைக் குறிப்பிடுவது?

மறுமொழி 1

முதலில் நாள் சராசரியைக் கைவிடுங்கள். சராசரியின் மும்மடியும் மும்மடிகளின் சராசரியும் ஒன்றல்ல. 40,000 கிலோவாட் எஞ்சினும் 24 நாட் (மணிக்கு 24 கடல் மைல்) உச்ச வேகமும் கொண்ட கப்பல் பன்னிரண்டு மணி நேரம் 22 நாட்டிலும், பன்னிரண்டு மணி நேரம் 14 நாட்டிலும் ஓடியதாகக் கொள்வோம். சராசரி 18 நாட். அதை வைத்து, கிலோவாட் மணிக்கு 175 கிராம் அடிப்படை நுகர்வையும் சுமைத் திருத்தத்தையும் (குறைந்த சுமையில் கிலோவாட் மணிக்குக் கூடுதலாக எரிவதற்கான திருத்தம்) சேர்த்தால் அன்றைய எரிபொருள் ஏறத்தாழ 75 டன். அதையே மணிக்கணக்கில் போட்டால் 84 டன் வரும். கன எரிஎண்ணெய்க்கு டன்னுக்கு 3.114 டன் கார்பன் டை ஆக்சைடு என்பதால், இந்த ஒரு நாளிலேயே 28 டன் காணாமல் போகிறது.

மறுமொழி 2

மேற்கண்டது சரிதான், ஆனால் அதுமட்டும் போதாது. ஐஎம்ஓவின் (பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு) நான்காவது பசுமை இல்ல வாயு ஆய்வு பெரிய கப்பல்களுக்குக் கடல்நிலையின் பொருட்டு 0.867ஆலும், அடிப்பாகத்தில் படியும் பாசி, சிப்பியின் பொருட்டு 0.917ஆலும் திறனை வகுக்கிறது. இரண்டும் சேர்ந்து கால் பங்கு கூட்டிவிடும். இவை உலகக் கப்பல்களுக்கான பொதுத் திருத்தங்கள் என்பதால், அண்மையில் உலர்துறையில் அடிப்பாகம் சுரண்டப்பட்ட கப்பலுக்கு அப்படியே பொருத்துவதை நான் ஏற்கமாட்டேன். ஏஐஎஸ் தருவது தரைசார் வேகம் (நீரோட்டமும் சேர்ந்தது) என்பதையும் மறவாதீர்கள். தென்னாப்பிரிக்கக் கரையோர அகுல்ஹாஸ் நீரோட்டத்தோடு தென்மேற்கே செல்லும் கப்பல் எஞ்சின் தந்ததைவிட விரைவாக நகரும். அந்த உபரி வேகமும் மும்மடியாகிவிடும். ஏஐஎஸ் தரும் டிராஃப்டோ (கப்பல் நீரில் அமிழ்ந்திருக்கும் ஆழம்) மாலுமிகள் கையால் பதிவது. முந்தைய துறைமுகத்தின் எண்ணே பல நாள் நின்றுவிடுவதுண்டு.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. மணிக்கணக்கில் மாற்றித் திருத்தங்களையும் சேர்த்ததும் கடலில் ஓடும் நாள்கள் ஓரளவு பொருந்துகின்றன. துறைமுகத்திலும் நங்கூரத்திலும் நின்ற நாள்களில் மட்டும் விடை பூச்சியமாகவே வருகிறது.

மறுமொழி 2

வேகம் பூச்சியமானால் உங்கள் சூத்திரம் பூச்சியத்தைத்தான் தரும். மெயின் எஞ்சின் நின்றாலும் ஜெனரேட்டரும் கொதிகலனும் ஓயாது. குளிர்பதனப் பெட்டிகள் ஏற்றிய கப்பலில் மின்தேவை கணிசமாக இருக்கும். துறையில் நிற்பது, நங்கூரம், மெதுவான நகர்வு, கடற்பயணம் என்று நிலைவாரியாகவும், கப்பலின் வகை, அளவுவாரியாகவும் இவற்றின் சுமைக்கு அந்த ஆய்வில் அட்டவணை உண்டு. அதை மணி நேரத்தோடு பெருக்கிச் சேருங்கள். எம்ஆர்வி பதிவேட்டிலும் ஐரோப்பியத் துறையில் நின்றபோது எரித்தது அடங்கும். கரை மின்சாரம் பெற்ற மணி நேரங்களுக்கு ஜெனரேட்டர் கணக்கை மட்டும் விட்டுவிடலாம்.

மறுமொழி 3

இரண்டாவது கேள்விக்கு: இரண்டும் ஐஎம்ஓவின் அந்த 2020ஆம் ஆண்டு ஆய்வின் எண்களே. கப்பலின் வகையையும் அளவையும் பார்த்து அதன் முழு ஆண்டையும் பன்னாட்டுக் கணக்கில் எழுதினால் 91.9 கோடி, பயணம் பயணமாகப் பிரித்து, ஒரே நாட்டின் இரு துறைமுகங்களுக்கு இடையிலானவற்றை உள்நாட்டில் சேர்த்தால் 74 கோடி. நீங்களும் பயணவாரியாகப் பிரிப்பதால் 74 கோடியே பொருந்தும், ஆனால் எம்முறை என்பதை அதே வரியில் எழுதுங்கள். உள்நாட்டுக் கப்பல்களும் மீன்பிடிக் கலங்களும் சேர்ந்த மொத்தம் 105.6 கோடி டன். உலக உமிழ்வில் 2.89 விழுக்காடு என்பது இந்த மொத்தத்துக்கு உரியது. அதை 74 கோடியின் பக்கத்தில் வைத்துவிடாதீர்கள்.